மந்திரி கையில் முதல் பத்திரிகை

இந்த நாட்டின் தற்காப்பு அமைச்சர்களைப் பற்றி என் அம்மா அளவுக்குக் கவலைப்பட்டவர் வேறு யாரும் இருக்க முடியாது. யார் வந்தார், யார் போனார், யாரை வேறு இலாகாவுக்குத் தூக்கினார்கள் என்று வானொலிச் செய்தியில் கேட்டு மனதில் வைத்துக்கொள்வார். பிரதமர் பெயரில் சில சமயம் தடுமாறுவார். தற்காப்பு அமைச்சர் பெயர் மட்டும் தப்பாது. "மந்திரி மாறிட்டாராம்டி" என்று காலையில் சமையலறைப் பக்கம் வந்து நின்றாலே எனக்குத் தலை வலிக்க ஆரம்பிக்கும். மறுபடியும் மனு எழுத வேண்டும், மறுபடியும் கட்சிக் கிளைத் தலைவர் காளிதாஸ் அண்ணன் வீட்டுக்கு நடக்க வேண்டும், மறுபடியும் மாலைக்குச் சொல்ல வேண்டும்.

என் பெயர் கோமளா. மலாக்காவில் தெங்கேராப் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடையில் கல்லாவில் உட்காருகிறேன். வீடு பெம்பானில், தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பில் கடைசி வரிசை. என் வீட்டுக்காரர் சேகரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அம்மா சுப்பம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது பாம்புக் காது, முட்டிதான் போய்விட்டது. எங்களுக்கு ஒரே பெண், ராகினி. புக்கிட் பெருவாங்கில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அம்மாவின் மந்திரிப் பைத்தியம் எங்கள் எல்லார் கழுத்தையும் இறுக்கத் தொடங்கியது.

குகன் என் தம்பி. பட்டாளத்தில் இருந்தான். கிழக்குக் கரையில் பெருவெள்ளம் வந்த ஒரு வருடம், கூரைமேல் ஏறி நின்றவர்களை இறக்கப் போன இடத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போனான். அப்போது நாங்கள் ஹார்வுட் தோட்டத்தில் இருந்தோம். பெட்டி அங்கேதான் வந்தது, தோட்டத்துச் சுடுகாட்டில்தான் புதைத்தோம். அன்றைக்கு இருந்த தற்காப்பு அமைச்சர் நேரிலேயே வந்தார். மடித்த கொடியை அம்மா கையில் கொடுத்து, "அம்மா, உங்கள் பிள்ளை என் பிள்ளையும்தான். எது என்றாலும் என்னை வந்து பாருங்கள்" என்று மலாயில் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, கண் கலங்கித்தான் சொன்னார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டார்.

பிறகு தோட்டம் விலைபோனது. எங்களையெல்லாம் வெளியே கொண்டுவந்து வீடு கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த ராணுவ முகாம் தன் சுடும் பயிற்சி மைதானத்தைப் பெரிதாக்கியபோது, பழைய சுடுகாடு வேலிக்கு உள்ளே போய்விட்டது. முதலில் வருடத்துக்கு ஒருநாள் உள்ளே விட்டார்கள். போய்ப் புல் வெட்டி, பால் தெளித்து, படையல் போட்டுவிட்டு வருவோம். காவலுக்கு நிற்கிறவர்கள் உட்காரக்கூட விடாமல் அவசரப்படுத்தி வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை புல் வெட்டியவரின் மண்வெட்டியில் வெடிக்காத குண்டு ஒன்று தட்டுப்பட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அதோடு வாசலை அடைத்துவிட்டார்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு படம் போட்டு மாட்டியிருக்கிறது. அதைத் தாண்டி யாரும் போவதில்லை.

பட்டாளத்துக்காரனின் புதைகுழிக்குப் பட்டாளமே காவல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் வேறு ஒரு வழக்கம் இருக்கிறது. கல்யாணம் ஆகாமல் போனவர்கள் எங்களுக்கு வீட்டுச் சாமி. வீட்டில் நல்லது எதுவானாலும் முதலில் அவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். கல்யாணம் என்றால் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை, எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்த இடத்தில் வைத்து, இன்னார் கல்யாணம், வந்து நடத்திக் கொடு என்று வாய்விட்டு அழைக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குப் பத்திரிகை. குகன் ராகினிக்குத் தாய்மாமன் வேறு. தாய்மாமனைக் கூப்பிடாமல் எந்த வீட்டில் கல்யாணம் நடக்கிறது?

வேலிக்கு உள்ளே போகிற அனுமதிக்காகத்தான் அம்மா மந்திரிகளைத் துரத்திக்கொண்டிருந்தார். அவர்களின் வரலாற்றை நான் சொல்கிறேன், பள்ளிக்கூடப் புத்தகத்தில் வராது.

முதலாமவர் கொடி கொடுத்தவர். அடுத்தவர் ஜாசினில் ஒரு திறப்பு விழாவுக்கு வந்தார். மாலையைக் கழுத்தில் வாங்கினார், மனுவைக் கையில் வாங்கினார், இரண்டையும் கழற்றி ஒரே உதவியாளரிடம் கொடுத்தார். பார்க்கலாம் என்றார். அதற்கு அடுத்தவர் இந்தப் பக்கம் வரவே இல்லை. துணையமைச்சரை அனுப்பினார். அவர் வடை நன்றாக இருக்கிறது என்று சொன்னார், மறுபடியும் சொன்னார், போய்விட்டார். பிறகு ஆட்சி கவிழ்ந்து, கவிழ்த்தவர்களின் ஆட்சியும் கவிழ்ந்த காலம் வந்தது. அந்த வருடங்களில் காளிதாஸ் அண்ணன் மனுவைக் கணினியில் அப்படியே வைத்துக்கொண்டு அமைச்சர் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவார். ஒருமுறை அதையும் மறந்து, போனவர் பெயரிலேயே வந்தவருக்கு அனுப்பிவிட்டார். அதற்கும் உரிய தரப்பின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது என்று மரியாதையாகப் பதில் வந்தது. மனுஷன் அதைக் கொண்டுவந்து காட்டினார், சாதித்துவிட்டது போல.

இன்னொருவர் வருகிறார் என்று மண்டபம் பிடித்து, மாலை கட்டி, பதாகை அடித்து எல்லாம் ஆயிற்று. அன்று காலையில் இலாகா மாற்றம். ஒத்துக்கொண்ட நிகழ்ச்சியாயிற்றே என்று அவரும் வந்தார், வேறு ஏதோ இலாகாவுக்கு அமைச்சராக. அம்மா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு போட மாட்டேன் என்று நின்றுவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை. "இவரு என் மவனோட மந்திரி இல்ல" என்றார். காளிதாஸ் அண்ணன் மாலையைப் பிடுங்கித் தானே போட்டார். அன்றைக்கு எனக்கு மானமே போயிற்று.

ஆள்தான் மாறிவிட்டாரே, சொன்னவர் எப்போதோ போய்விட்டாரே என்று நான் அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். ஆள் மாறினால் என்ன, உட்காரும் நாற்காலி அதுதானே, சொன்ன சொல் நாற்காலி சொன்னது என்பார். ராகினி ஒருநாள் பொறுமையாகத் தொலைபேசியில் படங்களைக் காட்டி விளக்கினாள். தற்காப்பு அமைச்சர் துப்பாக்கி பிடிக்க மாட்டார் பாட்டி, படைகளுக்குத் தலைவர் மாமன்னர், தினப்படி நடத்துவது ஜெனரல்கள், அமைச்சர் கப்பல் வாங்கலாமா விமானம் வாங்கலாமா என்று பார்ப்பார், நாடாளுமன்றத்தில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான் என்றாள். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அவர் வேலை என்றால் என் கேள்விக்கு ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்டார். ராகினி தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ராகினிக்கு மாப்பிள்ளை தர்ஷன். தங்கமான பையன், மலாக்கா நகரத்தில் கணக்காளர். தேதி குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. கட்டுப் பிரிக்காமல் அலமாரிமேல் கிடந்தது. குகனுக்கு வைக்காமல் ஒரு பத்திரிகைகூட இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். குகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடலாமே என்று சேகரன் கேட்டார். அவன் படத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறான் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மீறி நடத்தினால் மண்டபத்துக்கு வர மாட்டேன், சோறும் தொட மாட்டேன் என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து தினமும் அழைப்பு. அவர்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்கள், நம் பக்கத்தில் ஒருவருக்கும் போகவில்லையாமே, ஏதாவது பிரச்சனையா என்று தர்ஷனின் அம்மா நாசூக்காகக் கேட்டார். நான் என்ன சொல்வேன்? பீரங்கி சுடும் இடத்தில் என் தம்பி படுத்திருக்கிறான், அவனிடம் கேட்க வேண்டும் என்றா? ராகினி பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விடுகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் கடையில் சில்லறையை மாற்றிக் கொடுத்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம். செத்தவன் ஒருவனுக்காக உயிரோடு இருக்கிறவள் கல்யாணத்தைக் கெடுக்கிறாரே என்று வயிறு எரிந்தது. குகன்மேலும் கோபம் வந்தது.

இந்த நேரத்தில்தான் புது மந்திரி வந்தார். ஆயர் குரோவில் முன்னாள் படைவீரர்களுக்கும் பணியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் ஒரு மதிய விருந்து. காளிதாஸ் அண்ணன் எப்படியோ எங்களுக்கு இடம் வாங்கிவிட்டார். பொன்னாடை, மாலை, மனு, எல்லாம் தயார் என்றார். "இந்தத் தடவ கண்டிப்பா நடக்கும் பெரியம்மா, பயப்படாதீங்கலா" என்றார். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வது இதைத்தான். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தன் சொந்தக் காசில் மாலை வாங்கி வாங்கி அவர் முகத்திலும் களை போய்விட்டது.

காரில் ஏறும்போதுதான் பார்த்தேன். அம்மா மடியில் பித்தளைத் தட்டு, மேலே துணி மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தால் புது வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ராகினியின் பத்திரிகை. கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்திருக்கிறார். இது எதற்கு அங்கே என்று கேட்டேன். பேசாமல் வா என்றார். மனு எங்கே என்றேன். அதைக் காளிதாஸே வைத்துக்கொள்ளட்டும், காகிதம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது என்றார். 

மண்டபத்தில் குளிர்சாதனம் சரியாக வேலை செய்யவில்லை. பேச்சுகள் நீண்டுகொண்டே போயின. பழைய வீரர்கள் பச்சைத் தொப்பியும் பதக்கமுமாக விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புது மந்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். காலையிலிருந்து இது அவருக்கு மூன்றாவது நிகழ்ச்சியாம், காளிதாஸ் அண்ணன் சொன்னார். மேசை மேசையாக வந்து கைகொடுத்தார். சிரிப்பு மட்டும் முகத்தில் நின்றது, கண் எங்கேயோ இருந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கடை சாத்தும் நேரத்தில் வருகிற வாடிக்கையாளரைப் பார்த்து நானும் அப்படித்தான் சிரிப்பேன்.

எங்கள் மேசைக்கு வந்ததும் காளிதாஸ் அண்ணன் மாலையோடு முன்னால் போனார். அம்மா எழுந்து அவரைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தட்டை நீட்டினார். மந்திரி பத்திரிகையைப் பார்த்தார், மணமக்கள் படத்தைப் பார்த்தார். ஓ, கல்யாணமா, வாழ்த்துகள் மாக்சிக் என்று, பெரியம்மா என்று கூப்பிடுகிற மாதிரி, மலாயில் சொல்லி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தார். படம் எடுப்பவர் ஓடி வந்து குனிந்தார். உதவியாளர் தட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அம்மா தட்டை விடவில்லை.

"சொல்லுடி" என்றார் என்னிடம். "இது அவருக்கில்ல, குகனுக்கு. எனக்கு உள்ள போக வழியில்ல. என் பிள்ள உங்க பிள்ளையும்தான்னு சொன்னீங்கல்ல, நீங்க போயி அவன்கிட்ட குடுங்கன்னு சொல்லு. அவன் மருமவளுக்குக் கல்யாணம்னு சொல்லச் சொல்லு."

 பின்னால் இரண்டு மேசை ஆட்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு அழைக்கிறார், அவசியம் வர வேண்டும் என்று சொல்லிச் சமாளித்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார், முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவுக்குச் சந்தை மலாய் தெரியும், மாற்றிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட, அந்தத் தட்டை அவர் விடாமல் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். குகன் யார், எங்கே செத்தான், எங்கே புதைத்தோம், அந்த இடம் இப்போது எங்கே இருக்கிறது, இந்தத் தட்டு எங்கே போக வேண்டும், ஏன் போக வேண்டும், எதையும் விடவில்லை. இத்தனை வருடத்தில் எந்த மந்திரியிடமும் நான் அவ்வளவு பேசியதில்லை.

மந்திரியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. படம் எடுப்பவரை நகரச் சொன்னார். சீருடையில் இருந்த ஓர் அதிகாரியைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அந்த அதிகாரிக்கு இடம் தெரிந்திருந்தது. அந்தப் பகுதி மண்ணுக்குள் பழைய குண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது, எங்கள் ஆட்களையே அங்கே விடுவதில்லை என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. உதவியாளர் மந்திரியின் காதருகே குனிந்து, பரிசீலிப்பதாகச் சொல்லிவிடலாம், அடுத்த மேசை காத்திருக்கிறது என்றார்.

மந்திரி ஒரு நாற்காலியை இழுத்து அம்மா எதிரில் உட்கார்ந்தார்.

"தாக் போலே, மாக்சிக்" என்றார். முடியாது. அதன் பிறகு சொன்னதையெல்லாம் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே சொன்னார். அங்கே யாரையும் அனுப்ப முடியாது, நானும் போக முடியாது. மண்ணைத் துப்புரவாக்குவோம் என்று சொல்லலாம், ஆனால் அது எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. நான் இந்தப் பதவியில் இருக்கும்வரை நடக்காது. எனக்குப் பின்னால் வருகிறவரும் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. உங்களை உள்ளே விட்டு ஏதாவது நடந்தால் உங்கள் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இப்படிச் சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். புரிந்துவிட்டது, வேண்டாம் என்று அம்மா கையைக் காட்டினார்.  பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். யாராவது அவனைத் தோண்டி எடுத்துவிட்டார்களா என்று கேட்கச் சொன்னார். அதிகாரி வேகமாகத் தலையாட்டினார். இல்லை மாக்சிக், யாரும் தொடவில்லை, லாலாங் புல்தான் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்றார்.

சரி என்றார் அம்மா. மந்திரி அந்தத் தட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், தன்னால் முடிந்தது அதுதான் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு துணியை மூடினார். இது என் பிள்ளைக்கு எடுத்தது என்று தமிழிலேயே சொன்னார். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எழுந்து, மார்பில் கைவைத்துக் குனிந்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். காளிதாஸ் அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சாப்பிடாமலே கிளம்பினோம். சேகரன் வண்டியை எடுத்தார். நான் பின்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.  கடைசி வழியும் போய்விட்டது, இனிமேல் மண்டபத்துக்காரனுக்கு என்ன சொல்வது, தர்ஷன் வீட்டுக்கு என்ன சொல்வது, ராகினி முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆயர் குரோவைத் தாண்டியதும் அம்மா பேசினார். வீட்டில் அவன் படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம், நாளைக்கே எல்லாருக்கும் பத்திரிகை கொடுக்க ஆரம்பித்துவிடு, நாள் குறைவாக இருக்கிறது என்றார்.

எனக்குப் புரியவில்லை. இதைத்தானே இத்தனை நாளாகத் தலைகீழாக நின்று சொன்னோம், இன்றைக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அடக்க முடியவில்லை.

 திரும்பிப் பார்த்தால் அம்மாவின் தோள் குலுங்குகிறது. தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து, குழந்தை மாதிரி அழுதார். என் அம்மா குகனுக்காக அழுது நான் பார்த்ததே இல்லை. பெட்டி வந்த அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. சேகரன் பயந்துபோய் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, ஏன்மா, என்னம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"போலாம் போலாம்னு தானடி எல்லாரும் சொன்னானுங்க" என்றார். "அங்க போயி அவன் பக்கத்துல உக்காந்து அழுவோம்னு வச்சிருந்தேன். முடியாதுன்னு ஒருத்தனாச்சும் அப்பவே சொல்லியிருந்தா, நான் அப்பவே அழுது முடிச்சிருப்பேன்ல."